அடுத்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தவர்கள்: சிக்காகோ, 1944

1944 ஜூலை 20 இரவு. சிக்காகோ ஸ்டேடியத்தில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் 'வாலஸ் வேண்டும், வாலஸ் வேண்டும்' என்று ஒரே கூச்சல். ஆர்கன் வாசிப்பவர் வாலஸின் சொந்த மாநிலமான அயோவாவின் பாட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். ஃபுளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர், ஹென்றி வாலஸின் பெயரைத் துணை ஜனாதிபதி பதவிக்கு அன்றைக்கே முன்மொழிந்துவிடலாம் என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடையை நோக்கிப் போகிறார். அவர் போய்ச் சேருவதற்குள் அவைத்தலைவர் சாமுவேல் ஜாக்சன் கூட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைத்துவிட்டார். இவ்வளவு கூட்டத்தில் தீப்பிடித்தால் ஆபத்தாம்.

மேற்கத்திய இடதுசாரிகள் சிலர் இந்த ஓர் இரவைப் பிடித்துக்கொண்டு, பெப்பர் இன்னும் நாலடி எடுத்து வைத்திருந்தால் ஹிரோஷிமா இல்லை, பனிப்போர் இல்லை என்று கதை சொல்வதுண்டு. 'இருந்திருந்தால்' வரலாறு சுகமானது. ஒரு நல்ல மனிதரின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நாம் வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரலாம். ஆனால் அந்தத் தேர்வு எந்த இடத்தில், யாரால் நடத்தப்பட்டது என்ற கேள்வி அதில் காணாமல் போய்விடுகிறது.

ரூஸ்வெல்ட் நாலாவது முறையாகப் போட்டியிடுகிறார். அந்த மார்ச்சில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் அவரைச் சோதித்த இருதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூயென், இருதயம் செயலிழந்து வருவதைக் கண்டார். வெளியே சொல்லப்பட்டதோ, வயதுக்கேற்ற நல்ல ஆரோக்கியம். கட்சிப் பெருந்தலைகளுக்கு மருத்துவ அறிக்கை தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்தாலே போதும். ஜூலை 11 இரவு வெள்ளை மாளிகையில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் கட்சித் தலைவர் ஹான்னெகன், எண்ணெய் வியாபாரியும் கட்சிப் பொருளாளருமான பாலி, பிராங்ஸ் வட்டாரத்தைக் கையில் வைத்திருந்த ஃபிளின், சிக்காகோ மேயர் கெல்லி முதலானவர்கள். துணை ஜனாதிபதி என்ற பெயரில் அடுத்த ஜனாதிபதியைத்தான் தேடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நவம்பரில் ஓட்டுப் போடப்போகிற ஜனங்களுக்குத் தெரியாது. இந்த அறிவின் இடைவெளிதான் அன்றைய அதிகாரம்.

அவர்களுக்கு வாலஸ் ஏன் ஆகவில்லை? 1941இல் ஹென்றி லூஸ் 'அமெரிக்க நூற்றாண்டு' என்று எழுதியதற்கு எதிராக, 1942 மேயில் இது 'சாமானிய மனிதனின் நூற்றாண்டு' என்று பேசியவர் வாலஸ். 1944இல் பசிபிக் பற்றி எழுதிய சிறு பிரசுரத்தில் இந்தியா, மலேயா, பர்மா உள்ளிட்ட ஆசியக் காலனிகளின் விடுதலையைப் பேசினார். வாஷிங்டன் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த ரோல்ட் டால் (பின்னாளில் குழந்தைக் கதைகள் எழுதிய அதே ஆள்தான்) அதன் கைப்பிரதியைப் பார்த்த கையோடு, ரகசியமாய் நகலெடுத்து உளவுத்துறைக்கு அனுப்பினார். சர்ச்சிலுக்குக் கோபம். மாநாட்டு மேடையிலும் வாலஸ் சும்மா இருக்கவில்லை. தாழ்ந்த இனம் என்று ஒன்று இருக்கக்கூடாது, ஓட்டு வரி ஒழிய வேண்டும் என்றார். தென்மாநிலங்களில் வரி கட்டினால்தான் ஓட்டு. கறுப்பர்களையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த அது வசதி.

தென்மாநிலத்தார் விரும்பிய பைர்ன்ஸைத் தொழிற்சங்கங்களும் வடக்கத்திய கறுப்பர்களும் ஏற்கவில்லை. மிஞ்சியவர் மிசௌரி செனட்டர் ட்ரூமன். அவரிடம் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதே தகுதி: அவரை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வலுவான காரணமில்லை.

ரூஸ்வெல்ட் இரண்டு கடிதங்கள் கொடுத்தார். ஒன்று, தான் பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே ஓட்டுப் போடுவேன், ஆனால் மாநாட்டுக்கு உத்தரவிட விரும்பவில்லை என்பது. இன்னொன்று, ட்ரூமனோ நீதிபதி டக்ளஸோ வந்தால் சந்தோஷம் என்பது. இரண்டாவதுதான் ஹான்னெகனின் பையில் இருந்தது. ஜூலை 21 முதல் சுற்றில் வாலஸுக்கு 429½, ட்ரூமனுக்கு 319½, தேவை 589. பேரம் படிந்ததும் இரண்டாம் சுற்றில் ட்ரூமன் 1031, வாலஸ் 105.

இதை மக்கள் தேர்வுக்கும் மேலிடத் திணிப்புக்கும் நடந்த சண்டை என்று மட்டும் படித்தால் தப்பு. 1940இல் இதே கட்சி மாநாடு வாலஸைக் கூச்சலிட்டு எதிர்த்தது. அவரை ஏற்காவிட்டால் நானே நிற்கமாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மிரட்டித்தான் அவர் வேட்பாளரானார். மேலிருந்து வந்தவரை மேலிருந்தே எடுத்துவிட்டார்கள். நடுவில் அந்த நாலு வருஷத்தில் தொழிலாளர்களும் கறுப்பர்களும் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். எந்த மேலிடமும் கணக்கில் எடுக்காத சங்கதி அது.

ட்ரூமன் 82 நாள் துணை ஜனாதிபதி. 1945 ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் இறந்தார். அணுகுண்டு விவகாரம் முழுசாக ட்ரூமனுக்குச் சொல்லப்பட்டது ஏப்ரல் 25இல். 1941இலேயே அதன் உயர்மட்டக் குழுவில் இருந்தவர் யார் தெரியுமா? வாலஸ். அவரைப் புனிதராக்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மாநாட்டுக்கு முந்தின மாதங்களில் ரூஸ்வெல்ட் அவரைச் சைபீரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பிவைத்ததில், மகதானில் காவல் கோபுரங்களை இறக்கிவிட்டு ஸ்டாலின் ஆட்கள் காட்டிய காட்சியை அப்படியே நம்பிப் பாராட்டிவிட்டு வந்ததையும்தான்.

1948இல் வாலஸ் முற்போக்குக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். இந்தமுறை துணை வேட்பாளர் ஐடஹோ செனட்டர் க்ளென் டெய்லர். அவரை அறிவித்து மூன்று மாதத்துக்குள், மே 1ஆம் தேதி, அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பின இளைஞர் மாநாடு ஒன்றில் பேசப்போனார் டெய்லர். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல். அவர் கறுப்பருக்கான வாசல் வழியாகப் போனார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நவம்பரில் அந்த இருவருக்கும் கிடைத்த ஓட்டு 2.4 சதவீதம்.