இரு முகங்களும் ஒரு நிலுவையும்

இங்மர் பெர்க்மனின் 'பெர்சோனா' (1966) பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவைக்கிறார்: நர்ஸ் அல்மாவும், பேச்சை நிறுத்திவிட்ட நடிகை எலிசபெத்தும் ஒரே மனத்தின் பிளவுண்ட இரு பாதிகள். கேட்டவர்களும் தலையாட்டுகிறார்கள். இந்த வாசிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. படம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அது தொடங்கிவிட்டது.

1913-ல் ஜெர்மனியில் 'ப்ராக் நகர மாணவன்' வந்தது. ஏழை மாணவன் ஒருவன் தன் கண்ணாடிப் பிம்பத்தை அந்நியன் ஒருவனுக்கு விற்கிறான். வெளியேறிய பிம்பம் அவன் வாழ்வைக் குலைக்கிறது. அதைச் சுடுகிறான், சாவது அவனே. பால் வேகனர் என்ற ஒரே நடிகரை, பிலிமை இருமுறை ஓடவிட்டு இரண்டாக்கியிருந்தார்கள். பிராய்டின் சீடர் ஆட்டோ ராங்க் 1914-ல் இரட்டையுரு பற்றி எழுதிய கட்டுரை இந்தப் படத்தை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. திரையில் தெரியும் இருவரை ஒருவராகக் கூட்டிவிடும் விமர்சனம் அப்போதே பிறந்துவிட்டது.

பிற்பாடு ஹாலிவுட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு மனநல மருத்துவர்கள் எழுதிய நோயாளி விவரத்திலிருந்து 'ஈவின் மூன்று முகங்கள்' (1957) உருவாயிற்று; மூன்று ஆளுமைகளாக நடித்த ஜோன் உட்வர்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. 'சைக்கோ' (1960) முடியும் இடத்தில் ஒரு மருத்துவர் நின்றுகொண்டு, மகனுக்குள் தாய் குடியிருந்ததை விளக்குகிறார். விளக்கம் கிடைத்தபின் பார்வையாளன் நிம்மதியாக வீடு போகலாம். 'பெர்சோனா' வந்தபோது சாவி தயாராக இருந்தது.

பெர்க்மனும் துப்புக் கொடுக்காமல் இல்லை. பெர்சோனா என்பது லத்தீனில் நடிகனின் முகமூடி. மனிதன் சமூகத்துக்குக் காட்டும் முகத்துக்கு யுங் அந்தப் பெயரை இட்டார். அல்மா என்றால் ஸ்பானிய மொழியில் ஆன்மா. எலிசபெத்தின் கணவன் அல்மாவைத் தன் மனைவியாகவே அழைக்கிறான். இரு பெண்களின் பாதி முகங்கள் ஒட்டி ஒரே முகமாகின்றன. கடைசியில் அல்மா மட்டும் பஸ் ஏறுகிறாள்.

ஆனால் நடுவில் ஒரு கடிதம் இருக்கிறது. அல்மா நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை எலிசபெத் வேடிக்கைபோல மருத்துவருக்கு எழுதுகிறாள். அல்மா அதைப் படித்துவிடுகிறாள். பிறகு உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை, எலிசபெத் வெறுங்காலோடு நடக்கும் பாதையில் தெரிந்தே விட்டுவைக்கிறாள். இருவரும் ஒருத்தி என்றால் துரோகமும் இல்லை, பழியும் இல்லை. வெறும் நோய்க்குறி மட்டும்தான். அந்தக் கூட்டுமுகம்கூட வேறு சாட்சி சொல்கிறது. அதைத் திரையிட்டுக் காட்டியபோது லிவ் உல்மனும் பிபி ஆண்டர்சனும் அதில் தன்னைக் காணாமல் மற்றவளையே கண்டதாகப் பெர்க்மன் எழுதியிருக்கிறார்.

நான் பிழைப்புக்குப் பேரேடு பார்ப்பவன். பற்றையும் வரவையும் கழித்து நிலுவை காட்டுவது எளிது. யார் யாருக்கு என்ன கொடுத்தார், எதற்கு ஈடாக எது வந்தது என்பது நிலுவையில் தெரியாது. 'ஒரே மனம்' என்ற வாசிப்பு இப்படி நிலுவை மட்டும் காட்டுகிறது.

இழப்பு அந்த இரு பெண்களோடு நிற்பதில்லை. மருத்துவமனை அறையில் எலிசபெத் டெலிவிஷனில் பார்ப்பது, 1963-ல் சைகோன் தெருவில் தீக்குளித்த பௌத்தத் துறவியை. சுவரோடு ஒடுங்கிப்போகிறாள். பின்னர் தீவு வீட்டில் அவள் உற்றுப் பார்ப்பது, 1943-ல் வார்ஸாவின் யூதக் குடியிருப்பில் கைதூக்கி நிற்கும் சிறுவனின் புகைப்படத்தை. எல்லாமே ஒரு மனத்துக்குள் நடப்பவை என்றால் அந்தச் சிறுவனும் துறவியும் யாருடைய பாதிகள்? அவர்கள் யாருடைய கனவும் அல்ல. அவர்கள் எதிரில் வாய் அடைத்துப்போவது ஒரு பிரக்ஞையின் நேர்மையாகவும் இருக்கலாம். அதற்கு நோய்ப்பெயர் சூட்டிவிட்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

சர்ரியலிஸ்டான லூயி புனுவல் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினார். 1929-ல் தாலியோடு சேர்ந்து முதல் படம் எடுத்தபோதே, பகுத்தறிவு விளக்கத்துக்கு இடம்கொடுக்கும் எந்தப் படிமமும் வேண்டாம் என்று விதித்துக்கொண்டவர் அவர். அவரது கடைசிப் படமான 'ஆசையின் அந்த மங்கலான இலக்கு' (1977), கொன்சிதா என்ற ஒரே பெண்ணாக இரு நடிகைகளை மாற்றி மாற்றி நிறுத்துகிறது. அவளைத் துரத்தும் மத்யூவுக்கு வித்தியாசம் தெரிவதே இல்லை. அவன் பார்ப்பது தன் ஆசையை மட்டும்தான்.

'பெர்சோனா'வின் இரு பெண்களை ஒருத்தியாக்கிவிட்டுத் திருப்தியோடு எழுந்து போகிறவர், மத்யூவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.