நஞ்சு அளவுகோலாதல்: ஆல்டிகார்ப் பூச்சிக்கொல்லியின் ஆய்வக வரலாறு

திறவுச்சொற்கள்: ஆல்டிகார்ப், கார்பமேட், ஒப்பீட்டுத் தரப்பொருள், நிலத்தடி நீர், வண்ணப்பிரிகை

முன்னுரை

பூச்சிக்கொல்லிகளின் வரலாறு பெரும்பாலும் வயலிலிருந்தே எழுதப்படுகிறது. எப்பயிருக்கு இடப்பட்டது, எவ்வுயிரைக் கொன்றது, எப்போது தடைசெய்யப்பட்டது என்பனவே அதன் வினாக்கள். ஆய்வகத்திலிருந்து நோக்கினால் வேறொரு வினா எழுகிறது. குடிநீரில் ஒரு நஞ்சு உள்ளது என்று உறுதிபடக் கூற எது தேவை? அந்நஞ்சின் தூய்மை அளந்தறியப்பட்ட மாதிரி, அதாவது ஒப்பீட்டுத் தரப்பொருள், தேவை. எப்பொருளுக்குத் தரப்பொருளும் அதைப் பயன்படுத்தும் முறையும் உள்ளனவோ, அப்பொருளையே சட்டம் காண இயலும் என்பதை ஆல்டிகார்ப் என்னும் கார்பமேட்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரு நஞ்சு, மூன்று வடிவங்கள்

யூனியன் கார்பைடு நிறுவனம் 1960-களில் உருவாக்கிய ஆல்டிகார்ப், 1970இல் அமெரிக்காவில் பருத்திக்குப் பதிவு பெற்றது. 'டெமிக்' என்னும் பெயரில் குருணையாக விற்கப்பட்ட இது, நரம்புகளில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குவது. சோதனை எலிகளில் உடல் எடைக் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே பாதி எலிகளைக் கொல்லப் போதுமானது. உலக நலவாழ்வு நிறுவனம் இதைத் தன் நச்சுத்தன்மை வரிசையில் மிகக் கடுமையான வகுப்பில் வைத்துள்ளது.

மண்ணிலும் பயிரிலும் இது இட்ட வடிவிலேயே நிலைப்பதில்லை. மூலக்கூறிலுள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைய, ஆல்டிகார்ப் விரைவாகச் சல்பாக்சைடாகவும் பின்னர் மெதுவாகச் சல்போனாகவும் மாறுகிறது. அவ்விரண்டும் நஞ்சே. எனவே இட்ட பொருளை மட்டும் தேடும் ஆய்வாளர், நஞ்சு உள்ள இடத்திலும் 'இல்லை' என்று அறிக்கை தர நேரும்.

லாங் ஐலண்ட், 1979

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், கொலராடோ வண்டையும் நூற்புழுவையும் ஒழிக்க 1975 முதல் உருளைக்கிழங்கு வயல்களில் ஆல்டிகார்ப் இடப்பட்டது. அங்குள்ள மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீரே மக்களின் குடிநீர். 1979இல் சஃபோக் மாவட்டக் கிணறுகளில் ஆல்டிகார்ப் எச்சம் கண்டறியப்பட்டது. தொடர்ந்து ஆராயப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட கிணறுகளுள் 1,000-க்கும் மேற்பட்டவற்றில், மாநிலம் வகுத்த லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்னும் வரம்பை எச்சம் மீறியிருந்தது. 1980இல் அத்தீவில் விற்பனை நிறுத்தப்பட்டது.

அக்கால எச்ச ஆய்வில் வழக்கிலிருந்த முறை, மூன்று வடிவங்களையும் ஆக்சிஜனேற்றம் செய்து சல்போனாக்கி, வாயு வண்ணப்பிரிகையால் ஒரே தொகையாக அளந்தது. மாநில வரம்பும் அத்தொகைக்குரியதே. நீரில் உள்ளது எவ்வடிவம் என்பதற்கு அத்தொகை விடை தராது.

கலிபோர்னியா, 1985

1985 ஜூலையில், அமெரிக்க விடுதலை நாளையொட்டித் தர்பூசணி உண்ட பலர் கலிபோர்னியாவில் நோயுற்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிப்பைத் தெரிவித்தனர். தர்பூசணிக்கு ஆல்டிகார்ப் அனுமதிக்கப்பட்டதே இல்லை. எனினும், வேர்வழி ஏறிப் பழத்தின் உள்ளே பரவும் இயல்புடைய அந்நஞ்சு, சல்பாக்சைடு வடிவில் பழங்களில் கண்டறியப்பட்டது. வடிவத்தைப் பிரித்தறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

காலமே அடையாளம்

1970-களின் இறுதியில் உருப்பெற்ற நீர்ம வண்ணப்பிரிகை முறை, 1980-களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குடிநீர் ஆய்வு முறைகளுள் இடம்பெற்றது. இதில் மாதிரியின் கூறுகள் குழலில் பிரிக்கப்பட்டுச் சூடான காரத்தால் சிதைக்கப்படுகின்றன. அப்போது வெளிப்படும் மெத்திலமீன், வினைபொருளுடன் சேர்ந்து ஒளிர்கிறது. இவ்வொளி மெத்தில் கார்பமேட்டுகள் அனைத்திற்கும் பொதுவானது. ஆகவே ஒளியைக் கொண்டு பொருளை அடையாளம் காண இயலாது. குழலிலிருந்து அது வெளிவரும் காலம், தரப்பொருள் வெளிவரும் காலத்தோடு ஒத்திருப்பதே அடையாளம். தரப்பொருள் இல்லாவிடில் பெயரற்ற ஒரு முகடு மட்டுமே எஞ்சும்.

இம்மாற்றத்தின் தடம் சட்டத்திலும் பதிந்தது. 1991இல் அம்முகமை குடிநீருக்கு ஒரு தொகை வரம்பை மட்டும் வகுக்கவில்லை. லிட்டருக்கு ஆல்டிகார்ப் 3, சல்பாக்சைடு 4, சல்போன் 2 மைக்ரோகிராம் எனத் தனித்தனி வரம்புகளை அறிவித்தது. உற்பத்தியாளரின் முறையீட்டை அடுத்து 1992இல் அவை நிறுத்திவைக்கப்பட்டன. பிரித்தளக்க இயன்றதனால்தான் மூன்று வரம்புகளை எழுத முடிந்தது. எழுதியதை நடைமுறைப்படுத்த அறிவியல் மட்டும் போதவில்லை.

முடிவுரை

இந்தியா 2001இல் ஆல்டிகார்பைத் தடைசெய்தது. 2011இல் அது ராட்டர்டாம் உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. பிற்கால உற்பத்தியாளரான பேயர் 2014 இறுதியில் உற்பத்தியைக் கைவிட ஒப்புக்கொண்டது. பின்னர் அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் அதை வரையறுத்த பயிர்களுக்கு மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால், தடை விதித்த நாடுகளிலும் ஆல்டிகார்ப் முற்றிலும் மறையவில்லை. தூய்மைச் சான்றுடன் மில்லிகிராம் கணக்கில் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டு அது ஆய்வகங்களுக்கு வருகிறது. இது முரண்பாடன்று. விலக்கிய நஞ்சு உணவில் இல்லை என்று மெய்ப்பிக்க, அந்நஞ்சையே சிறிதளவு காத்துவைக்க வேண்டியுள்ளது. எனவே ஒரு தடைச்சட்டம் எவ்வளவு வலிமையுடையது என்று ஆராய்வோர், அதன் வாசகத்தோடு அந்நாட்டு ஆய்வகங்களில் எந்தெந்தத் தரப்பொருள்கள் உள்ளன என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.