செப்புத் தகட்டில் ஒரு முற்றுகை

மதிலை வளைப்போர்க்கு உழிஞையும் காப்போர்க்கு நொச்சியும் என இருபுறத்தையும் பாடத் திணை வகுத்த மரபு நம்முடையது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசர்கள் அச்சிடுவித்த முற்றுகைப் படங்களைக் காணும்போது, இவற்றில் நொச்சி எங்கே என்னும் வினா நமக்கு எழவே செய்கிறது.

நெதர்லாந்தின் பிரெடா நகரை 1624 ஆகஸ்டு முதல் 1625 சூன் வரை ஸ்பெயினின் படைத்தலைவர் ஸ்பினோலா வளைத்து நின்றார். அவர் மதிலேறி வென்றாரல்லர், பசியால் பணியவைத்தார். ஸ்பானிய நெதர்லாந்தை ஆண்ட இசபெல்லா இவ்வெற்றியைப் படமாக்கும் பணியை, லொரேன் நாட்டு நான்சி நகரத்தவரான ழாக் காலோவிடம் ஒப்படைத்தார். தகட்டின் மேற்பூச்சை ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்யும் கலையில் காலோ கைதேர்ந்தவர். ஆறு செப்புத் தகடுகளில் 1628இல் படம் நிறைவுற்றது. சுவரோவியம் ஓர் அரண்மனையோடு நின்றுவிடும். செப்புத் தகடோ பல நூறு படிகளைத் தரும். வெற்றிச் செய்தி நட்பரசர் அவைக்கும் செல்லும், பகையரசர் அவைக்கும் செல்லும்.

ஆறு தாள்களையும் இணைத்தால், பறவை வானிலிருந்து காண்பதுபோல் நாடு முழுதும் விரிகிறது. பாசறைகள், அகழிகள், ஆறுகள் யாவும் அளந்து வரையப்பட்டுள்ளன. முன்புறத்தில் குதிரைவீரர், அவர்க்கு அப்பால் பத்துத் திங்களின் நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நடப்பனபோல் அமைந்துள்ளன. இத்தனைக்கும் காரணமான நகரமோ தொலைவில் ஒரு சிறு கோலம்போல் கிடக்கிறது. போரை முடித்துவைத்த பசி மதிலுக்குள் இருந்தது. மதிலுக்குள் நம் கண் புகவில்லை. வரைபடம் உண்மையே உரைக்கிறது, ஆனால் வென்றவர் நின்ற மேட்டிலிருந்து. அந்நகரை டச்சுக்காரர் 1637இல் மீட்டுக்கொண்டதும் இத்தாள்களுக்குத் தெரியாது.

அடுத்து, பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயிக்காக லா ரொஷேல் முற்றுகையையும் காலோ ஆறு தகடுகளில் வரைந்தார். 1627-28இல் நடந்த அம்முற்றுகையில், ஏறத்தாழ 27,000 பேரில் 5,000 பேரே எஞ்சினர் என மதிப்பிடுவர். அப்படத்திலும் அரசரின் பெருமையே ஓங்கி நிற்கிறது.

1633இல் அதே லூயி நான்சியைக் கைப்பற்றினார். அம்முற்றுகையையும் வரையுமாறு காலோ பணிக்கப்பட்டார் என்றும், தம் நாட்டிற்கு இழுக்குத் தேடுவதினும் கட்டைவிரலை வெட்டிக்கொள்வதே மேல் என மறுத்தார் என்றும் பின்னாளில் ஃபெலிபியென் எழுதிவைத்தார். பிறர் ஊர் வீழ்ந்தபோது அசையாத ஊசி தன் ஊர் வாயிலில் நின்றுவிட்டது. அவரைக் குறைகூற நாம் முற்படவில்லை; ஊதியத்திற்கு எழுதும் கைகள் யாவும் அத்தகையனவே.

அவ்வாண்டே 'போரின் பெருந்துயரங்கள்' என்னும் தலைப்பில் 18 சிறு படங்கள் வெளிவந்தன. வீடுபுகுந்து கொள்ளையிடும் வீரர், மரக்கிளையில் தொங்கும் உடல்கள், வீரரைப் பழிவாங்கும் உழவர் என அனைவரும் அவற்றில் அருகிலேயே தெரிகின்றனர். அவையும் பாரிசில், பிரெஞ்சு அரசரின் உரிமத்தோடுதான் அச்சேறின.