பவுண்டின் மாற்று விகிதமும் செய்திகளும்

ஒரு நாட்டின் பணத்துக்கு இன்னொரு நாட்டுப் பணத்தில் கிடைக்கும் விலையே மாற்று விகிதம். வட்டி உயர்வு, விலைவாசி, தேர்தல், போர் என எந்தச் செய்தியும் அதை அசைக்கலாம். ஆனால் சந்தை முன்கூட்டியே கணித்துவிட்ட செய்தி பெரிதாக அசைக்காது. கணிப்பைப் பொய்யாக்கும் செய்தியே அசைக்கும். பிரிட்டிஷ் பவுண்டின் வரலாறு இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

1866க்கு முன் லண்டன் சந்தை நிலவரம் கப்பலேறித்தான் நியூயார்க் போகவேண்டும். அதற்குச் சுமார் பத்து நாள் பிடிக்கும். அவ்வாண்டு ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி பதித்து முடித்தபின் அதே தகவல் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. அதனால்தான் பவுண்டு–டாலர் விகிதத்தை நாணய வணிகர்கள் இன்றும் ‘கேபிள்’ (கம்பி) என்றே சொல்கிறார்கள்.

பவுண்டு தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தவரை கெட்ட செய்தி அதன் விலையைத் தொடவில்லை, தங்கக் கையிருப்பைக் கரைத்தது. 1931 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் இன்வர்கோர்டனில் ஊதிய வெட்டை எதிர்த்துக் கடற்படையினர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். பிரிட்டனின் கடற்படையே கலகம் செய்கிறது என்ற சேதி பரவ, பவுண்டை விற்றுத் தங்கமாக்கிக்கொள்ளும் அவசரம் மூண்டது. ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 21 அன்று, தங்கப் பிணைப்பு கைவிடப்பட்டது. 4.86 டாலராக இருந்த பவுண்டு ஆண்டு முடியுமுன் 3.40க்கும் கீழே போயிற்று.

பின்னர் டாலரோடு பிணைக்கப்பட்ட பவுண்டின் மதிப்பைக் குறைக்கப்போவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நிதியமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், 1949 செப்டம்பர் 18 அன்று 4.03 டாலரிலிருந்து 2.80க்குக் குறைத்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை: குறைக்கப்போவதை முன்னதாக ஒப்புக்கொண்டால் கையிருப்பு அன்றே காலியாகிவிடும். இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் கூடவே இறங்கின, டாலருக்கு 3.31 ஆக இருந்த இந்திய ரூபாய் 4.76 ஆயிற்று. பாகிஸ்தான் இறக்க மறுத்ததால் இரு நாடுகளுக்கிடையே சணல் வணிகம் முடங்கியது. 1967இல் பவுண்டு மீண்டும் 2.40க்குக் குறைக்கப்பட்டது.

1992 செப்டம்பர் 16, புதன்கிழமை. ஐரோப்பிய நாணயங்களின் கூட்டு ஏற்பாட்டில் பவுண்டு ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது. சில நாணயங்கள் இன்னும் இறங்கவேண்டும் என்று ஜெர்மன் மத்திய வங்கித் தலைவர் ஹெல்முட் ஷ்லெசிங்கர் கருதுவதாக முந்தைய மாலையே சேதி கசிந்திருந்தது. காலை 11 மணிக்கு வட்டி 10இலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்தது, பவுண்டு நிமிரவில்லை. பிற்பகலில், மறுநாள் முதல் 15 என்றார்கள். பாடப்புத்தகக் கணக்கின்படி வட்டி ஏறினால் நாணயம் வலுக்கவேண்டும். ஆனால் வீட்டுக்கடன்காரர்கள் நிறைந்த, மந்தத்தில் உழலும் நாடு 15 விழுக்காட்டைத் தாங்காது என்பது சந்தைக்குத் தெரியும். அரசு திணறுகிறது என்பதே அந்த அறிவிப்பு சொன்ன சேதி. மாலையில் நிதியமைச்சர் நார்மன் லமான்ட் அந்தக் கூட்டு ஏற்பாட்டிலிருந்து பவுண்டு விலகுவதாக அறிவித்தார். அன்றைய நஷ்டம் 330 கோடி பவுண்டு என்று பின்னாளில் அரசே மதிப்பிட்டது. அது மக்கள் பணம்.

2016 ஜூன் 23 இரவு, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற பொதுவாக்கெடுப்பு முடிந்ததும், நீடிப்போம் என்ற நம்பிக்கையில் பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது. நள்ளிரவுக்குப் பின் சண்டர்லாந்து நகரில் வெளியேறும் தரப்புக்கு 61 விழுக்காடு வாக்குகள் என்ற முடிவு வந்ததும் சரிவு தொடங்கியது. விடியுமுன் 1.33க்கும் கீழே, 31 ஆண்டுகளில் காணாத தாழ்வு. நாடு முழுவதுக்குமான எண்ணிக்கை அப்போது முடிந்திருக்கவில்லை.

2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங், கடன் வாங்கி 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பு என்று அறிவித்தார். திங்கள் காலை ஆசியச் சந்தைகளில் பவுண்டு 1.04 டாலருக்கும் கீழே இறங்கி, வரலாறு காணாத தாழ்வைத் தொட்டது. அக்டோபர் 17இல் புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அந்தக் குறைப்புகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தபோது பவுண்டு 1.13ஐ ஒட்டி மீண்டிருந்தது.