அவதானம்

சிவகாசியைச் சூழ்ந்துள்ள பட்டாசு ஆலைகளுக்குள் கைப்பேசி கொண்டு செல்லலாகாது. மருந்து செலுத்தும் அறையில் ஒரே வேளையில் நால்வருக்கு மேல் இருத்தலும் ஆகாது. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த அம்மருந்து சிறு உராய்விலேயே பற்றிக்கொள்ளும் இயல்பினது. (விதியை மீறி ஆட்களை நெருக்கி அமர்த்தும் பேராசையால் நேர்ந்த விபத்துகளையும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிடுவோர் உளர். அது நியாயமன்று.) தீப்பொறிக்கு அஞ்சி எழுந்த தடை வேறொன்றையும் செய்துவிட்டது. விருதுநகர் வட்டாரத்தில் பகல் முழுதும் ஒரே வேலையில் கண்ணும் கையும் பதித்து இருப்போர் பெரும்பாலும் இவர்களே. வீட்டில் இருக்கும் நம்மால் அது இயலவில்லை.

கவனம் என்பதற்கு நம் மொழியில் அவதானம் என்றொரு சொல் உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் பேச்சிலேயே அதை வழங்குவர். அச்சொல் ஒரு கலைக்கும் பெயராயிற்று. ஒரே அமர்வில் எட்டுச் செயல்களில் மனம் செலுத்துதல் அட்டாவதானம்; பதினாறு எனில் சோடசாவதானம்; நூறு எனில் சதாவதானம்.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள். அப்போது அவருக்கு வயது 32. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கோட்டாற்றில் 1874-இல் பிறந்து, சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் கற்றவர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. 5027 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில் தோய்ந்த நெஞ்சுக்கு நூறு கேள்விகள் பெருஞ்சுமை ஆகியிரா என்றே எண்ணத் தோன்றுகிறது.

அவதான அரங்கில் நிகழ்வது என்ன? ஒருவர் ஈற்றடி தந்து வெண்பா கேட்பார். ஒருவர் பெருக்கற் கணக்குக் கொடுப்பார். இன்னொருவர் தேதி சொல்லிக் கிழமை கேட்பார். இடையிடையே மணியோசை எழும். முதுகில் சிறு கற்கள் விழும். எத்தனை ஓசை, எத்தனை கல் என்பதை இறுதியில் அவதானி தவறாமல் சொல்லவேண்டும். பாதியில் விட்ட வெண்பாவை விட்ட சீரிலிருந்து தொடரவும் வேண்டும்.

‘இன்றைய இளைஞர் செய்வதும் இதுதானே? பாடம் படித்துக்கொண்டே செய்தி பார்க்கின்றனர், பாட்டுக் கேட்கின்றனர், பதில் அனுப்புகின்றனர்’ என வாசக அன்பர் ஒருவர் வினவக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. அவதானியின் முதுகில் விழும் கல் அவரை இழுத்துச் செல்வதில்லை. நினைவில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் அதை வைத்துவிட்டு அவர் வெண்பாவுக்குத் திரும்புகிறார். எதற்கு எப்போது விடை கூறுவது என்னும் ஒழுங்கு அவர் வசம் உள்ளது. கைப்பேசியிலோ அந்த ஒழுங்கு நம் வசம் இல்லை. ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகையில் முந்தியதன் எச்சம் மனத்தில் தங்கிப் பிந்தியதைக் கெடுக்கிறது என்று 2009-இல் ஆய்வாளர் சோஃபி லெராய் எடுத்துக்காட்டினார். கணினித் திரையில் ஒன்றின்மேல் மனம் நிலைக்கும் நேரத்தை அளந்துவந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க், 2004-இல் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது பின்னாளில் 47 விநாடியாகக் குறைந்தது எனக் கண்டார். 47 விநாடியில் சீறாவின் ஒரு பாட்டைப் பிரித்துப் பொருள் கொள்ளவும் முடியாதே!

பாவலரைப் போன்ற ஒருவர் இன்று தோன்றினாலும் அவருக்கு அவை எங்கே? கணக்குக் கொடுத்தவரும் ஈற்றடி கொடுத்தவரும் தத்தம் கேள்வியை மறவாது இறுதிவரை அமர்ந்திருந்தால்தான் அவதானம் நிறைவுறும். இரவுதோறும் சீறா படிக்கப்பட்ட அவைகளிலும் நேற்றைய கதையை நினைவில் வைத்து இன்று வந்தமர்ந்த ஆண்களும் பெண்களும் இருந்தனர். எழுத்தறியாதார் பலர் அவர்களுள் இருந்தனர். நீண்ட நேரம் செவி கொடுப்பதை அவர்களுக்குப் பழக்கியது அந்த அவையே. நாம் அவதானிகளை வியந்தோம். அவையை இழந்ததை உணரவில்லை.

சிவகாசி அச்சகத்தார் ஆடிப் பெருக்கன்று மறு ஆண்டு நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது வழக்கம். ஹிஜ்ரித் தேதியும் தொழுகை நேரமும் தாங்கிய தாள்களும் அங்கே அச்சாகின்றன. ஒரு நாளுக்கு ஒரு தாள். காலையில் அதைக் கிழித்து, பின்புறம் உள்ள நான்கு வரியை உரக்கப் படிப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. இப்போது சுவரில் சென்ற மாதத்துத் தாளே தொங்குகிறது. பிறை என்னவென்று கேட்டால் கைப்பேசியை எடுத்துப் பார்த்து உடனே சொல்லிவிடுகிறார்கள். எடுத்த கைப்பேசியைக் கீழே வைக்க அரைமணி நேரம் ஆகிறது.