காய்ச்சுபவர் சொன்ன கணக்கு

சாராயம் காய்ச்சும் தொழில்காரர் ஒருவர் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆசிரியர் ஜோசப் பிளாக்கிடம் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். அடுப்பு மட்டும் சீராக எரிந்தால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சரக்கு இறங்கும் என்பதை ஒரு பைன்ட்கூடப் பிசகாமல் தன்னால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்றார். 1760களின் தொடக்கம் அது. கேட்டவர் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டார். அவரை அப்போது வாட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அதில்தான் இருந்தது.

மதுத் தொழில் பிளாக்குக்குப் புதிதல்ல. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த அவருடைய தந்தை, பிரான்சின் போர்தோ நகரில் திராட்சை மது வியாபாரம் செய்தவர். 1728இல் பிளாக் பிறந்ததும் அங்கேதான். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் மருத்துவம் படித்துவிட்டு, 1756இல் கிளாஸ்கோவுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அந்த நாளில் வெப்பத்தை ஆராய்ந்தவர்களுக்குப் பெரும் துணை தெர்மாமீட்டர். 1714 வாக்கில் ஃபாரன்ஹீட் நம்பகமான பாதரச வெப்பமானிகளைச் செய்யத் தொடங்கிய பின், கை உணர்ந்து சொன்னதை எண்ணால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது? பாதரசம் ஏறினால் பொருளுக்குள் வெப்பம் ஏறுகிறது, பாதரசம் நின்றால் வெப்பமும் நின்றுவிட்டது என்றே பலரும் எண்ணினர். வீட்டு அடுப்பே இதை மறுக்கும். ஒரு டம்ளர் தண்ணீரும் கல்யாண வீட்டு அண்டாத் தண்ணீரும் கொதிக்கும்போது வெப்பமானி இரண்டிலும் ஒரே அளவைத்தான் காட்டும். செலவான விறகு ஒன்றாக இருக்காது. வெப்பமானி காட்டுவது வெப்பநிலை. விறகிலிருந்து தண்ணீருக்குள் போனது வெப்பம்.

பிளாக்கை உறுத்தியது பனி. உருகுநிலையை எட்டிய பனிக்கட்டி, இன்னும் துளி வெப்பம் சேர்ந்தாலே முழுவதும் தண்ணீராகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அது உண்மையானால் வசந்தத்தின் முதல் வெயிலிலேயே மலைப்பனி மொத்தமும் ஒரே நேரத்தில் உருகி, ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைகளிலோ பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்தது. அத்தனை நாளும் வெயில் கொடுத்த வெப்பம் எங்கே போனது?

1761 டிசம்பரில் அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நான்கு அங்குல விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து அவுன்ஸ் தண்ணீர். ஒன்றை உறைய வைத்தார். மற்றதை உறைநிலைக்குச் சற்று மேலே, 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிரவிட்டார். 47 டிகிரியில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் இரண்டையும் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரிக்கு வந்துவிட்டது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியைத் தொடப் பத்தரை மணி நேரம் ஆனது.

இனி பெருக்கல்தான். கூடத்துக் காற்று அரை மணிக்கு 7 டிகிரி அளவு வெப்பம் கொடுத்தால், பத்தரை மணியின் 21 அரை மணிகளில் 147. உருகிய நீர் 32இலிருந்து 40க்கு ஏற எடுத்துக்கொண்ட 8 போக மீதி 139. ஒரு பவுண்டு பனியை உருக்கும் வெப்பத்தைக் கொண்டு ஒரு பவுண்டு நீரை ஏறத்தாழ 140 டிகிரி சூடேற்றலாம் என்று ஆயிற்று. இன்றைய அளவு 144. வெப்பமானி அசையாமல் நின்ற அந்த நேரத்தில்தான் இவ்வளவும் உள்ளே போயிருந்தது.

இதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் தந்திருக்கும் பெயர் 'உள்ளுறை வெப்பம்'. சங்கப் பாடலின் காட்சிக்குள் ஒளிந்திருக்கும் பொருளுக்குத் தொல்காப்பியம் சொல்லும் அதே 'உள்ளுறை'. இதைவிடப் பொருத்தமான சொல் அமைந்திருக்க முடியாது.

கொதிக்கும் நீரிலும் இப்படித்தானா? இங்கேதான் காய்ச்சுபவரின் சொல் கைகொடுத்தது. கொப்பரையின் சூடு ஏறவில்லை, அடுப்போ எரிந்துகொண்டே இருக்கிறது, மணிக்கு இத்தனை என்று சரக்கும் தவறாமல் இறங்குகிறது. அப்படியென்றால் எரிந்த விறகுக்கும் எழுந்த ஆவிக்கும் நிலையான கணக்கு ஒன்று இருந்தாக வேண்டும். பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் தட்டையான தகரப் பாத்திரத்தில் 50 டிகிரித் தண்ணீரை வைத்தார் பிளாக். 4 நிமிடத்தில் கொதித்தது. முழுக்க வற்ற மேலும் 20 நிமிடம் ஆனது. கணக்குப் பார்த்தபோது 810 டிகிரி வந்தது. இன்றைய அளவான 970ஐவிடக் குறைவுதான். ஆனாலும் ஆவிக்குள் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது என்பது முதன்முறையாக எண்ணாக வெளிப்பட்டது.

அதே பல்கலைக்கழக வளாகத்தில் கருவிகள் செய்து பிழைத்த இளைஞர் ஜேம்ஸ் வாட், பழுதான நியூகோமன் நீராவி எந்திர மாதிரி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கெட்டிலின் மூக்கில் வளைந்த கண்ணாடிக் குழாயைச் செருகி, ஆவியைக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். தண்ணீர் கொதித்தபோது அதன் அளவு ஆறில் ஒரு பங்குதான் கூடியிருந்தது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகி வந்து ஆறு பங்கைக் கொதிக்க வைத்துவிட்டதே என்று திகைத்துப்போய் பிளாக்கிடம் கேட்டார். பிளாக் தன் கண்டுபிடிப்பை விளக்கினார். ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைக் குளிர்வித்து மறுபடி சூடேற்றும் அந்த எந்திரம் எவ்வளவு நிலக்கரியை வீணாக்குகிறது என்பது வாட்டுக்குத் துலங்கியது. ஆவியைத் தனிக் கலனில் குளிரவைக்கும் யோசனை 1765இல் அவருக்குத் தோன்றியது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. அந்த யோசனை பிளாக்கின் கோட்பாட்டிலிருந்து பிறந்ததல்ல என்று வாட் பின்னாளில் சொன்னார். இருவரின் நட்பு மட்டும் கடைசிவரை குறையவில்லை.

பிளாக் இவற்றை நூலாக வெளியிடவே இல்லை. 1766இல் எடின்பரோவுக்கு மாறி, ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னார்; மாணவர்களின் கையெழுத்துக் குறிப்புகள் வழியே செய்தி பரவியது. அவர் 1799இல் மறைந்த பின், மாணவரும் நண்பருமான ஜான் ராபிசன் 1803இல் அந்த விரிவுரைகளை அச்சில் கொண்டுவந்தார்.

வெப்பம் என்பது உண்மையில் என்ன என்பதை பிளாக் அறுதியிட்டுச் சொல்லவில்லை, அளந்ததோடு நின்றார். 1840களில் அதை மேலே கொண்டுசென்றவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. எடையொன்று கீழிறங்கித் துடுப்பைச் சுழற்றினால் தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்று அளந்து, வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறுபவை என்று காட்டினார். 1848இல், பிளாக் பாடம் நடத்திய அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளைஞர் வில்லியம் தாம்சன், எந்தப் பொருளையும் சார்ந்திராத தனி வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார். பிற்பாடு பிரபு பட்டம் கிடைத்தபோது, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார்.

இன்று உலகெங்கும் அறிவியலில் வெப்பநிலையை அந்த ஆற்றின் பெயராலும், வெப்பத்தை அந்த பீர் ஆலைக் குடும்பத்தின் பெயராலும் அளக்கிறார்கள்.