நிறமும் வழக்கும்: வணிக அடையாள வண்ணங்களின் வரலாறு

கெலாங் பாத்தாவில் வாழ்வோர் கையில் ஆண்டுதோறும் மூவகை வண்ணப் பண உறைகள் வந்து சேர்கின்றன. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு. நோன்புப் பெருநாளுக்குப் பச்சை. தீபாவளிக்குப் பெரும்பாலும் ஊதா அல்லது மஞ்சள். வங்கிகளும் கடைகளும் தம் பெயரை அச்சிட்டு இவற்றை வாடிக்கையாளர்க்கு வழங்குகின்றன. பெயரைப் படிக்கும் முன்பே இது எந்தத் திருநாளுக்கு உரியது என்பதை நிறம் உணர்த்திவிடுகிறது. மூன்றையும் நாம் 'அங்பாவ்' என்றே அழைக்கிறோம். ஹொக்கியன் மொழியில் 'அங்' என்பது சிவப்பு. 'பாவ்' என்பது பொதி. ஆகவே 'பச்சை அங்பாவ்' என்பவர், அறியாமலேயே 'பச்சைச் சிவப்புப் பொதி' என்கிறார். சொல்லுக்குள் இருந்த நிறம் மறைந்துவிட்டது. உறையின் நிறம் புதுப்பொருள் பெற்றுவிட்டது.

சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும் என்று விளம்பரத் துறையினர் நிற உளவியல் பேசுவதுண்டு. கண் மாந்தர் அனைவர்க்கும் பொதுவே. ஆயினும் நிறத்தின் பொருள் அவ்வாறு பொதுவானதன்று. மலாய் மரபில் மஞ்சள் அரச நிறம். நமக்கோ அது மங்கல நிறம். வெள்ளை நம்மிடையே கைம்பெண்ணின் உடையாகவும் இருந்தது, மணமகனின் வேட்டியாகவும் இருக்கிறது. 'ஊதா' என்னும் சொல்லே இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அந்நிறத்திற்கும் தீபாவளிக்கும் தொன்மையான உறவு இல்லை. சிவப்பும் பச்சையும் முன்னரே பிற திருநாள்களுக்கு உரியன ஆகிவிட்டமையால், எஞ்சிய நிறங்களுள் ஒன்று நமக்கு வாய்த்தது என்றே கருதுகிறேன். 'பல்', 'கல்' என்னும் சொற்களில் பகரத்திற்கும் ககரத்திற்கும் தனிப்பொருள் இல்லை. அவற்றின் வேறுபாடே பொருளைப் பிரிக்கிறது. வணிக நிறங்களும் அவ்வாறே இயங்குகின்றன.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குத் துணிகள் பெருமளவில் சென்றன. சாயவேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், ஒவ்வொரு துறைமுகமும் தனக்கேற்ற நிறத்தையும் கோலத்தையுமே விரும்பும் என்பதைக் கற்றுக்கொண்டனர். மாதிரித் துணியைக் காட்டி நெய்யவும் சாயமிடவும் செய்தனர். வாங்குவோர் வழக்கே அங்கு நிறத்தைத் தீர்மானித்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் ஆலைத் துணிகள் இந்தியாவுக்கு வந்தபோது, தெய்வங்களும் விலங்குகளும் பலவண்ணத்தில் அச்சிடப்பட்ட சீட்டுகள் அவற்றின்மேல் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் அச்சீட்டைக் கண்டு தாம் விரும்பிய துணியைக் கேட்டு வாங்கினர். 1875இல் பிரித்தானியாவில் வணிகக் குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. மலாயாவில் இத்தகைய குறிக்குச் 'சாப்' என்று பெயர். முத்திரையைக் குறிக்கும் இந்திச் சொல்லின் வழிவந்தது அது.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். தோட்டக் கடையில் பால் டின்னை அதன் நிறங்களின் வரிசை கொண்டே அடையாளம் காண்பார். ஒருமுறை அதே நிறச் சேர்க்கையில் வந்த வேறொரு டின்னை வாங்கி வந்துவிட்டார். அது பாலன்று, இனிப்பூட்டிய தாவரக் கொழுப்புக் கலவை. எழுத்துகள் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. ஆனால் அவர் படித்தது நிறத்தை. சில வாரங்கள் என் தம்பி அதையே பாலென்று குடித்தான்.

பாட்டியாருக்கு நேர்ந்தது போன்ற மயக்கத்தைச் சட்டமும் கருத்தில் கொண்டது. 2003இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் கோல்கேட், ஆங்கர் நிறுவனங்களுக்கிடையே ஒரு வழக்கு நடந்தது. பற்பொடிக் கொள்கலனில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, இரு பங்கு வெள்ளை என்னும் சேர்க்கையே வழக்கின் பொருள். பெயர்கள் வேறாயினும், எழுத்தறியா வாடிக்கையாளர் நிறச் சேர்க்கையால் மயங்கக்கூடும் என்பதை ஏற்று, நீதிமன்றம் ஆங்கருக்கு இடைக்காலத் தடை விதித்தது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும் குறிகளின் பட்டியலில் நிறத்தைச் சேர்த்துள்ளது.

தமிழ்நாட்டின் ஆவின் பாலுறைகள் இதற்கு இன்றைய சான்று. 3 விழுக்காடு கொழுப்புள்ள பால் நீல உறையில், 4.5 விழுக்காடு பச்சையில், 6 விழுக்காடு ஆரஞ்சில் என்பது மக்கள் பழகிய ஒழுங்கு. கடையில் 'ஒரு பச்சை கொடுங்கள்' என்றாலே போதும். 2023இல் பச்சைக்கு மாற்றாக 3.5 விழுக்காடு கொழுப்புள்ள ஊதா உறை முன்வைக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பழகிய நிறத்தை மாற்றுவது மக்கள் வழக்கிலுள்ள ஒரு சொல்லை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து பொருள்களின் உறைகளில் எழுத்துகளை மறைத்துவிட்டு, அவை எவை என மாணவர்களைக் கேளுங்கள். பின்னர் எழுத்துகளைத் திறந்து, நிறம் தந்த எண்ணமும் எழுத்து கூறும் செய்தியும் ஒத்துள்ளனவா என்று சரிபார்க்கச் செய்யுங்கள். நம் மாணவர்க்கு எழுத்து தெரியும். ஆயினும் கடையில் அவர்களும் பெரும்பாலும் நிறத்தைத்தான் படிக்கிறார்கள்.